ஆப்பிள் எடுக்கும்போது எதைப் பார்த்து எடுக்கிறீர்கள்? பழக்கடையிலிருந்து ஒரு கேள்வி

திருமங்கலம் பழக்கடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் திருமங்கலத்தில் அப்பா வைத்த பழக்கடையை நான்கு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். வாழை, கொய்யா, மாதுளை எல்லாம் எனக்கு அத்துப்படி. யார் எதை எடுப்பார்கள் என்று வண்டியை நிறுத்தும்போதே சொல்லிவிடுவேன். ஆப்பிள் மட்டும் பிடிபட மாட்டேன் என்கிறது.

போன வியாழக்கிழமை விடியற்காலை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இரண்டு வகை எடுத்தேன். ஒன்று இமாசலத்து காலா, இந்த ஆகஸ்ட் அறுப்பு. சின்னக் காய், என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மஞ்சள் தோலில் சிவப்புக் கீற்றுக் கீற்றாக ஓடியிருக்கும், ஒரு பக்கம் வெளிறியே இருக்கும். காம்புக் குழியைச் சுற்றிச் சப்போட்டா தோல் மாதிரி கொஞ்சம் சொரசொரப்பு. கமிஷன் கடை அண்ணன் ஒன்றை அறுத்துக் கொடுத்தார். கத்தி இறங்கும்போதே சத்தம் கேட்டது. வாயில் போட்டதும் முதலில் இனிப்பு, பின்னாலேயே ஒரு மெல்லிய புளிப்பு. நின்ற இடத்திலேயே முழுப்பழத்தையும் தின்று முடித்தேன்.

இன்னொன்று குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்த வெளிநாட்டு டெலிஷியஸ், போன வருட அறுப்பு. நூறு கவுண்ட், அதாவது நூறு காய் அடங்கும் பெட்டி. ஒரே மாதிரி கருஞ்சிவப்பு, ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. அதையும் அறுத்துப் பார்த்தேன். கெட்டுப்போகவில்லை, ஆனால் நடுவில் கொஞ்சம் தளர்ந்திருந்தது, வாசனை இல்லை. இருந்தாலும் கடையில் சிவப்பு இல்லாவிட்டால் ஆள் நிற்க மாட்டார்கள் என்று இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டேன்.

காலா கிலோ 160 ரூபாய் போட்டேன், டெலிஷியஸ் 240. ஞாயிறு ராத்திரி கடை அடைக்கும்போது டெலிஷியஸ் இரண்டு பெட்டியும் காலி. காலா பாதிக்கு மேல் அப்படியே கிடக்கிறது. "இது பழுக்கவே இல்லையே", "பிள்ளைக்குக் கொடுக்கணும், நல்லதாகக் கொடும்மா" என்று சொல்லிவிட்டு எல்லாரும் சிவப்புக்கே கையை நீட்டினார்கள். திங்கட்கிழமை ஒரு அம்மா வந்து, "என்னம்மா, மாவைத் தின்கிற மாதிரி இருக்கு" என்று மூன்று பழத்தைத் திருப்பி வைத்தார். பணத்தைக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் காலாவை எடுத்து நீட்டியபோது வேண்டாம் என்று தள்ளியவரும் அதே அம்மாதான்.

அதிலிருந்து மனசே சரியில்லை. நல்ல பொருளைக் குறைந்த விலைக்கு வைத்து விற்க முடியவில்லை, சுமாரான பொருள் கூடுதல் விலைக்குப் பறக்கிறது, அப்புறம் கெட்ட பெயரும் எனக்குத்தான். இது இப்படியே போனால் ஆப்பிளை நம்பி வாங்குபவர்களே இல்லாமல் போவார்கள்.

அதனால் கேட்கிறேன். ஆப்பிள் எடுக்கும்போது உங்கள் கண்ணும் கையும் முதலில் எதைத் தேடுகின்றன? நிறமா, பெரிய காயா, பளபளப்பா, ஸ்டிக்கரா, எந்த ஊர்க் காய் என்பதா? வீட்டுக்குப் போய் எது நன்றாக இருந்தால் அடுத்த முறையும் அதே கடைக்கு வருவீர்கள்? "பார்க்கச் சுமார்தான், ஆனால் கடித்தால் நறுக்கென்று இருக்கும்" என்று கடைக்காரி சொன்னால் நம்பி இருபது ரூபாய் கூடக் கொடுப்பீர்களா? எனக்காகச் சொல்ல வேண்டாம், உண்மையில் செய்வதைச் சொல்லுங்கள்.

வேளச்சேரி அம்மா:

உண்மையைச் சொல்கிறேன் அக்கா. நானும் சிவப்பைத்தான் எடுப்பேன். எடுத்துவிட்டு விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பேன், தேங்காய்க்குப் பார்க்கிற மாதிரி. டக்கென்று கேட்டால் பை, பொத்தென்று கேட்டால் திரும்பக் கூடை. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஞாபகம் இல்லை.

ஆனால் வீட்டில் பார்ப்பது வேறு. எனக்கு ஆறு வயதில் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு நிறம் எல்லாம் கணக்கே இல்லை. முதல் கடியில் மாவாக இருந்தால் அதோடு சரி, கடித்த துண்டைத் துப்பிவிட்டு மீதியை டப்பாவிலேயே வைத்து ஸ்கூலிலிருந்து திருப்பிக் கொண்டுவருவாள். நறுக்கென்று இருந்தால் விதைவரை தின்பாள். அப்புறம் பெரிய காய் எங்களுக்குச் சரிப்படாது. பாதிக்கு மேல் அவளால் முடியாது, மீதி பழுப்பாகிக் குப்பைக்குத்தான் போகும். சின்னக் காய் ஒன்று என்றால் ஒரு வேளைக்குக் கணக்காக இருக்கும். சின்னதாக இருந்தால் மட்டமான சரக்கு என்று ஏன் நினைக்கிறோம் என்று உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் யோசித்தேன்.

இருபது ரூபாய் கூடக் கொடுப்பேனா? வாயால் சொன்னால் மாட்டேன். எல்லாக் கடைக்காரரும் "தேன் மாதிரி இருக்கும்" என்றுதான் சொல்கிறார்கள். ஒரு துண்டு வெட்டிக் கையில் கொடுத்தால் கொடுப்பேன்.

சீர் தட்டு:

நான் நிச்சயதார்த்தம், வளைகாப்புக்குத் தட்டு அலங்கரித்துக் கொடுப்பவள். என்னை மாதிரி ஆட்களையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ருசி வேண்டாம். ஒரே அளவு, ஒரே சிவப்பு, அடி தட்டையாக நிற்க வேண்டும், ராத்திரி அடுக்கினால் மறுநாள் மதியம் வரை வாடக் கூடாது. காலாவைத் தட்டில் வைத்தால் மாப்பிள்ளை வீட்டில் "என்ன, சின்னச் சின்னதாக வைத்திருக்கிறார்கள்" என்று ஒரு பேச்சு வரும். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாங்குபவர்களுக்கும் இதே கணக்குதான். கொடுப்பவர் தின்னப் போவதில்லை. அதனால் கடையில் அந்தச் சிவப்பும் இருக்கத்தான் வேண்டும். அதையும் இதையும் ஒரே குவியலாக நினைக்காதீர்கள்.

திருமங்கலம் பழக்கடை:

தட்டுக்கு வாங்குபவர்களை நான் யோசிக்கவே இல்லை. முகூர்த்த நாளில் எங்கள் கடையில் பாதிக்குப் பாதி அப்படித்தான் போகும். நன்றி.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பளபளப்பாக இருந்தால் எடுக்கிறார்கள், ஆனால் அதே ஆட்கள் நகத்தால் சுரண்டிப் பார்த்து "மெழுகு பூசியிருக்கே" என்று பயப்படவும் செய்கிறார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ கத்தியால் மெழுகு சுரண்டுகிற வீடியோ வந்ததிலிருந்து இது தினமும் நடக்கிறது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிடங்குக்காரன்:

சகோதரி, நான் சிம்லா மாவட்டத்தில் ஒரு ஆப்பிள் குளிர்பதனக் கிடங்கில் ஏழு வருடம் தரப் பரிசோதனை வேலை பார்த்தவன், இப்போது ஓசூரில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிறம். மாம்பழத்தில் நிறம் மாறினால் பழுத்துவிட்டது என்று பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆப்பிளின் சிவப்பு அப்படி இல்லை. அந்தச் சிவப்பைத் தருவது வெயிலும் குளிர்ந்த இரவும் அந்த ரகத்தின் குணமும். கிளையின் வெளிப்பக்கம் தொங்கிய காய் சிவக்கும், இலைக்குள் மறைந்த காய் அதே நாளில் அதே மரத்தில் பழுத்தாலும் வெளிறியிருக்கும். பழுத்ததா என்று பார்க்க வேண்டியது சிவப்புக்கு அடியில் இருக்கும் நிறத்தை. காம்புக் குழியிலும் அடிக் குழியிலும் பாருங்கள். அங்கே பச்சை மாறி வெண்ணெய் மஞ்சளாகியிருந்தால் பழுத்த காய். உங்கள் காலாவில் வாடிக்கையாளர்கள் "பழுக்கவில்லை" என்று ஒதுக்கிய அந்த மஞ்சள்தான் பழுத்ததற்கு அடையாளம். இது பச்சையாகவே இருக்கும் கிரானி ஸ்மித்துக்குப் பொருந்தாது.

தோட்டத்தில் பறிக்கும் முன் நாங்கள் ஒரு காயைக் குறுக்கே அறுத்து அயோடின் தடவுவோம். மாவுச்சத்து இருக்கும் இடம் கருநீலமாகும். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக அந்தக் கறை மறைந்துகொண்டே வந்திருந்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிறம் முன்னாலேயே வந்துவிடும் ரகங்களில் இந்தச் சோதனை செய்யாமல் பறித்துவிடுவதும் நடக்கும். அப்போது சிவப்பாகவும் இருக்கும், சப்பென்றும் இருக்கும்.

இரண்டாவது, அந்த மாவு. மாவாக இருக்கும் ஆப்பிளில் தண்ணீர் வற்றிவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வற்றியிருக்காது. ஆப்பிள் சதை என்பது சாறு நிறைந்த சின்னச் சின்னப் பைகள். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்கிற பசை. பழம் திடமாக இருக்கும்போது கடித்தால் பைகள் உடைந்து சாறு வாயில் தெறிக்கும், அதுதான் அந்த நறுக். நாள்பட்டால் பசை கரைந்துவிடும். அப்புறம் கடித்தால் பைகள் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று நழுவிப் பிரிந்துவிடும். சாறு உள்ளேயேதான் இருக்கும், நாக்குக்கு வராது. நாக்குக்குக் கிடைப்பது மாவு மாதிரி ஒரு பொடி.

இதை முடிவு செய்வது வெப்பம். சுழியம் டிகிரியில் இருப்பதைவிட 21 டிகிரியில் ஆப்பிள் ஏறக்குறைய பத்து மடங்கு வேகமாகத் தளரும் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் கையாளும் கணக்கு. மதுரை வெயிலில் உங்கள் கடை வாசல் 35 டிகிரி. கிடங்கில் ஆக்சிஜனை 21 சதவீதத்திலிருந்து ஒன்று முதல் மூன்று சதவீதம் வரை குறைத்து, சுழியத்துக்குப் பக்கத்தில் குளிர வைத்து, காயைத் தூங்க வைத்திருப்பார்கள். பழம் பழுக்க எத்திலீன் என்று ஒரு வாயு வேண்டும், அதை உணரவிடாமல் தடுக்கும் இன்னொரு வாயுவும் பல இடங்களில் கொடுப்பார்கள். அதனால் பத்து மாதம் வரை திடம் நிற்கும். ஆனால் அந்தத் தூக்கத்திலும் புளிப்பும் வாசனையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், ஏனென்றால் பழம் சுவாசிக்கும்போது மாலிக் அமிலத்தைச் செலவழிக்கிறது. "இனிக்குது, ஆனா என்னமோ குறையுது" என்று மக்கள் சொல்வது அந்தப் புளிப்பைத்தான். கதவைத் திறந்து லாரியில் ஏற்றி உங்கள் ஊர் வந்து வெளியே அடுக்கினால், மிச்சமிருக்கும் திடமும் சில நாளில் போய்விடும். 2025 ஆகஸ்ட் கடைசியில் மழையில் ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலை அடைபட்டு ஆப்பிள் லாரிகள் நாள்கணக்கில் நின்றபோது, அந்தச் சிவப்பு மங்காமலேயே உள்ளே எல்லாம் போயிற்று. வெளியே பார்த்து யாருக்குத் தெரியும்?

மெழுகு பற்றி. ஆப்பிள் தானாகவே மெழுகு சுரக்கும் பழம். மரத்திலிருந்து பறித்த காயைத் துணியால் துடைத்தாலே மின்னும். பேக்கிங் செய்யும் இடத்தில் கழுவும்போது அதில் ஒரு பகுதி போய்விடும், பழம் சுருங்கும். அதனால் கார்னோபா என்ற பனை இலை மெழுகோ, அரக்கிலிருந்து எடுக்கும் ஷெல்லாக்கோ மெல்லிசாகப் பூசுவார்கள். இரண்டும் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்டவை. அனுமதியில்லாததைப் பூசுபவர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிடிக்காதவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவலாம், தோல் சீவியும் தின்னலாம். ஆனால் பளபளப்புக்கும் ருசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஸ்டிக்கரும் அப்படித்தான். அதில் 4016 என்றால் பெரிய ரெட் டெலிஷியஸ், 4131 என்றால் ஃபியூஜி என்ற இன்னொரு ரகத்தின் பெரிய காய். கல்லாவில் விலை போடுவதற்கான எண் அது. உணவுப் பாதுகாப்பு ஆணையமே ஸ்டிக்கரைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்ய வேண்டாம் என்று மக்களுக்குச் சொல்லியிருக்கிறது.

கடைசியாக ஒரு கதை. உங்கள் கடையில் நான்கு நாளில் நடந்தது ஒரு நாட்டுக்கே நடந்திருக்கிறது. டெலிஷியஸ் என்பது அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹயாட் என்ற விவசாயியின் தோட்டத்தில் தானாக முளைத்த மரம். 1890களில் ஸ்டார்க் நாற்றுப்பண்ணை அதை வாங்கிப் பெயர் வைத்தது. அப்போது அது மஞ்சளில் சிவப்புக் கீற்று ஓடிய பழம், உங்கள் காலா மாதிரி. மக்கள் சிவப்பாக இருப்பதை எடுக்கிறார்கள் என்று, எந்தக் கிளையில் கூடுதலாகச் சிவந்ததோ அதையே ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டிப் பெருக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக நிறம் ஏறியது, தோல் தடித்தது, ருசி இறங்கியது. அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் சிம்லா பக்கத்துக் கோட்கட்டில் இந்த ரகத்தை நட்டு இமாசலத்து ஆப்பிள் தொழிலைத் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கேயும் பிறகு வந்தவர்கள் முன்னாலேயே சிவக்கும் ரகங்களைத் தேடித்தான் போனார்கள். அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேல் முதலிடத்தில் இருந்த ரெட் டெலிஷியஸை விளைச்சலில் 2018ல் பின்னுக்குத் தள்ளியது எது தெரியுமா? காலா.

ஹனிகிரிஸ்ப் என்று இன்னொன்று. மினசோட்டா பல்கலைக்கழகம் 1991ல் வெளியிட்டது. பார்க்கத் திட்டுத் திட்டாக, அழகில் சேர்த்தியில்லை. ஆனால் அதன் சாறுப்பைகள் மற்ற ரகங்களைவிடப் பெரியவை, கடித்தால் வெடிக்கும். அந்த ஒரு குணத்துக்காக மக்கள் மற்ற ஆப்பிளைவிட எவ்வளவோ கூடக் கொடுத்து வாங்கினார்கள். அதனால் நறுக்குக்கு விலை கிடைக்காது என்று நினைத்துவிடாதீர்கள். கிடைக்கும். முதலில் ஒருமுறை வாயில் பட வேண்டும், அடுத்த முறை அதே பழத்தை வாங்குபவர் அடையாளம் கண்டுபிடிக்க ஒரு பெயர் வேண்டும்.

காரைக்குடி பொருளாதார வாத்தியார்:

அம்மா, முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கலாமே என்று தோன்றியது.

1970ல் பிலிப் நெல்சன் என்ற பொருளாதார அறிஞர் பொருளின் குணங்களை இரண்டாகப் பிரித்தார். வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளும் குணம் ஒன்று, வாங்கிப் பயன்படுத்திய பிறகே தெரியும் குணம் இன்னொன்று. மூன்று வருடம் கழித்து டார்பி, கார்னி என்ற இருவர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: பயன்படுத்தினாலும் தெரியாது, நம்பித்தான் ஆக வேண்டும். ஆப்பிளில் நிறமும் அளவும் முதல் வகை. நறுக்கும் இனிப்பும் இரண்டாவது. மருந்து அடித்ததா, எந்த மெழுகு என்பது மூன்றாவது. கடை வாசலில் நிற்பவர் முதல் வகைக்கு மட்டும்தான் பணம் கொடுக்க முடியும், மற்ற இரண்டும் அவர் கண்ணுக்கு இல்லை. உங்கள் வாடிக்கையாளர் தப்பாக எதுவும் செய்யவில்லை. அவர் கையில் இருக்கும் தகவல் அவ்வளவுதான். வேளச்சேரித் தங்கை கேட்ட அந்த ஒரு துண்டு இரண்டாவது வகையை முதல் வகையாக மாற்றிவிடுகிறது.

இதைச் சொல்லிவிட்டு என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். எனக்கு அந்த மாவு ஆப்பிள்தான் வேண்டும். மேல் பல் செட்டு, நறுக்கென்று இருந்தால் ஈறு வலிக்கும். பாதியாக அறுத்து ஸ்பூனால் சுரண்டித் தின்பேன். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு ஆப்பிள் வாங்கி வருவார்கள், அம்மா இப்படித்தான் சுரண்டி ஊட்டுவாள். எனக்கு ஆப்பிள் ருசி என்றால் அந்த மெத்தென்ற ருசிதான். பேரனுக்கு ஆறு மாதத்தில் இட்லிச் சட்டியில் அவித்துக் கொடுத்ததும் அதே பழம்தான். அதனால் தளர்ந்த காயைக் குப்பையில் போடாதீர்கள். "மெத்தென்று இருக்கும், பெரியவர்களுக்கும் குழந்தைக்கும்" என்று சொல்லித் தனியாக வையுங்கள். மறைத்து விற்றால்தான் அது மோசமான பழம்.

செண்டாயிலிருந்து:

அக்கா, நான் ஜப்பானில் செண்டாயில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு வடக்கே அவோமொரி, ஜப்பான் ஆப்பிளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான். இங்கே பார்த்த ஒன்று உங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஃபியூஜியை இங்கே இரண்டு விதமாக வளர்க்கிறார்கள். ஒன்றுக்குக் காயிலேயே காகிதப் பை கட்டி, பறிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு கழற்றுவார்கள். மாசு மருவில்லாமல் ஒரே சிவப்பாக வரும், அடுத்த கோடை வரை தாங்கும். இன்னொன்றுக்குப் பை கிடையாது, வெயிலிலேயே வளரும். நிறம் சீராக இருக்காது, தோல் சொரசொரப்பாகக்கூட இருக்கும், ஆனால் இனிப்பு அதிகம். இந்த இரண்டாவதற்கு அவர்கள் தனிப்பெயர் வைத்துவிட்டார்கள்: சன் ஃபியூஜி. அட்டையில் அந்தப் பெயர் இருந்தால், நிறம் சுமாராக இருந்தாலும் என் பக்கத்து வீட்டுப் பாட்டி தேடிப்பிடித்து எடுப்பார். நிறம் சீராக இல்லாததே பை கட்டாமல் வளர்ந்ததற்கு அடையாளம் என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்று, மித்சு. தேன் என்று அர்த்தம். நவம்பர், டிசம்பரில் ஃபியூஜியைக் குறுக்கே அறுத்தால் நடுவில் கண்ணாடி மாதிரி ஈரமாக ஒரு நட்சத்திரம் தெரியும். சார்பிட்டால் என்ற சர்க்கரைச் சத்தோடு சாறு சதையின் இடுக்குகளில் தேங்குவதால் வருவது. நான் முதல் வருடம் அதைப் பார்த்து அழுகல் என்று நினைத்து வெட்டி எறிந்துவிட்டேன். அலுவலகத்தில் சொன்னபோது எல்லாரும் பதறிப்போனார்கள், அதற்குத்தானே கூட விலை! மரத்திலேயே முழுதாகப் பழுத்ததற்கு அது அத்தாட்சி. நீண்ட நாள் தாங்காது, உள்ளே பழுப்பாகிவிடும் என்பதால் கிடங்குக்காரர்களுக்கு மட்டும் அது ஆகாது. இங்கே பெரிய பேக்கிங் இடங்களில் பழத்தை அறுக்காமலே ஒளியைச் செலுத்திச் சர்க்கரையும் மித்சுவும் அளந்து பிரிக்கிறார்கள். நமக்கு அந்த மெஷின் வராது. கத்தி போதும் அக்கா.

கிடங்குக்காரன்:

மித்சு விஷயம் உண்மை. எங்கள் கிடங்கில் அது தெரிந்தால் அந்த லாட்டையே வேண்டாம் என்று தள்ளிவிடுவோம். ஜப்பானில் அதற்குப் போட்டி போடுகிறார்கள்.

சகோதரி, ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். காயை மொத்தமாக வெளியே அடுக்காதீர்கள். ஒரு நாள் விற்பனைக்கு மட்டும் வெளியே வையுங்கள், மீதி ஃப்ரிட்ஜில். வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம், எத்திலீன் இரண்டையும் கெடுக்கும். வாங்குபவர்களிடமும் வீட்டில் பழத்தட்டில் வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். திருப்பிக் கொண்டுவருவது பாதி குறையும்.

திருமங்கலம் பழக்கடை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னதை எல்லாம் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முதலில் "வெட்டிக் கொடுத்தால் நாளைக்குப் பத்துப் பழம் போகும், உனக்கு என்ன மிஞ்சும்?" என்றார். சரி, ஒரு வாரம் பார்ப்போம் என்று கேட்டு வாங்கினேன்.

ஆப்பிளை மூன்றாகப் பிரித்துவிட்டேன். வலது பக்கம் சிவப்பு, "தட்டுக்கு, சாமிக்கு" என்று அட்டை. நடுவில் காலா, "நறுக்கென்று இருக்கும், வெட்டித் தருகிறோம்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு பலகையும் கத்தியும் மூடிபோட்ட டப்பாவும். இடது ஓரத்தில் தளர்ந்த காய், குறைந்த விலை, "மெத்தென்று இருக்கும், பெரியவர்களுக்கு, அவித்துக் கொடுக்க". அந்த அட்டையை எழுதும்போது வாத்தியார் ஐயாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நாள் துண்டைத் தின்றுவிட்டுச் சிவப்பையே வாங்கிப் போனார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் டியூஷன் முடிந்து நான்கு பிள்ளைகள் வந்தன. ஆளுக்கொரு துண்டு. அதில் ஒரு பையன் மறுநாள் அவன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, சரியாக நடுக் கூடையைக் காட்டினான். அந்த அம்மா காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காம்புக் குழியைக் காட்டி, "இந்த மஞ்சள்தான் பழுத்ததற்கு அடையாளம், சிவப்பு வெயில் பட்டது" என்று சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு ஒரு கிலோ வாங்கினார்.

இப்போது காலா 180 ரூபாய். விலையை ஏற்றினபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. தினம் மூன்று, நான்கு பழம் துண்டுக்குப் போகிறது. முன்பு அழுகி எறிந்தது அதைவிட அதிகம், அப்பா அதைக் கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முகூர்த்த நாளில் மட்டும் நடுக் கூடை அசையவே இல்லை, சிவப்பு மத்தியானத்துக்குள் தீர்ந்தது. அது அப்படித்தான் இருக்கும் போல.

மூன்று பழத்தைத் திருப்பிக் கொண்டுவந்த அந்த அம்மா நேற்று வந்தார். நான் எதுவும் பேசவில்லை, ஒரு துண்டை மட்டும் நீட்டினேன். வாயில் போட்டுக்கொண்டே கூடையைப் பார்த்தார். "இதைத்தானே அன்றைக்கும் காட்டினே?" என்றார். ஆமாம்மா என்றேன். முக்கால் கிலோ நிறுத்துக் கொடுத்தேன்.

காலா சீசன் இன்னும் கொஞ்ச நாள்தான். கிடங்குக்கார அண்ணா, அடுத்து காஷ்மீர்ச் சரக்கு வரும்போது மார்க்கெட்டில் எதை அறுத்துப் பார்த்து எடுக்கலாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.